எல்லோரும் பிள்ளைகளுக்காகவே பேசுகிறார்கள், நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

கேள்வி:

வணக்கம் மேடம். எங்களுக்குத் திருச்சி. கணவர் ஒரு தனியார் நிறுவனத்தில் சூப்பர்வைசர், நான் பள்ளி ஆசிரியை. மகளுக்கு 14 வயது, மகனுக்கு 7. மாமனார், மாமியார் எங்களுடன்தான் இருக்கிறார்கள்.

தாம்பரத்தில் இருக்கும் நாத்தனார் குடும்பம் போன வருடம் ஹாங்காங் டிஸ்னிலேண்ட் போய்வந்தது. அந்த போட்டோக்களைப் பார்த்த நாளிலிருந்து, வரும் கோடை லீவில் சிங்கப்பூர் யூனிவர்சல் ஸ்டுடியோஸ் போயே ஆகவேண்டும் என்று கணவர் பிடிவாதமாக இருக்கிறார். பிள்ளைகளுக்காகத்தானே இவ்வளவு உழைக்கிறோம் என்கிறார். மாமனாரோ, "பிள்ளைகளுக்கு நல்லது செய்யணும்னா குலதெய்வம் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போ. அரியலூர் பக்கம் இருக்கிற கோயிலுக்குப் போய் மூணு வருஷம் ஆச்சு. காசு கொடுத்துத் தலைகீழாத் தொங்குறதுக்கு விமானம் ஏறணுமா?" என்கிறார். இருவரும் இப்போது சரியாகப் பேசிக்கொள்வதே இல்லை. மாமியாருக்கு முட்டிவலி. என்னை விட்டுவிட்டுப் போய்வாருங்கள் என்று சொல்லும்போதே அவருக்குக் கண் கலங்குகிறது.

மகள், "ஃப்ரெண்ட்ஸோட போனா ஜாலியா இருக்கும், உங்க எல்லாரோடயும்னா நான் வரல" என்கிறாள். மகன் போன வருடம் ஒரு திருவிழாவில் ராட்டினம் உச்சியில் நின்றுவிட்டபோது அலறி அழுதவன். இந்தப் பேச்சை எடுத்தாலே வயிறு வலிக்கிறது என்கிறான். ஆம்பளைப் பையன், இரண்டு தடவை ஏற்றிவிட்டால் பயம் போய்விடும் என்கிறார் கணவர். எனக்குக் கொல்லிமலை பஸ்ஸிலேயே வாந்தி வரும். கணவர் எட்டாவது படிக்கும்போது பள்ளியில் சென்னைக்கு டூர் போனார்களாம், வி.ஜி.பி. பார்க் எல்லாம் காட்டினார்களாம். பணம் கட்ட முடியாமல் இவர் போகவில்லை என்று மாமியார் ஒருமுறை சொன்னார்.

ஆறு பேருக்கு நாலரை லட்சம் ஆகும் என்கிறார் ஏஜென்ட். அவ்வளவு கையில் இல்லை. என் நகையை வைத்துக்கொள்ளலாம் என்கிறார் கணவர். பிள்ளைகளுக்காகச் சரி என்று சொல்லிவிடலாமா, மேடம்?

பெயர் வேண்டாம், திருச்சி

பதில்:

அன்புச் சகோதரி,

உங்கள் கடிதத்தில் மூன்று பேர் பிள்ளைகளின் பெயரைச் சொல்லிப் பேசுகிறார்கள். கணவர், மாமனார், கடைசி வரியில் நீங்கள். அந்தப் பிள்ளைகள் இரண்டு பேரும் தங்கள் மனதில் இருப்பதைத் தெளிவாகவே சொல்லியிருக்கிறார்கள். அதை மட்டும் யாரும் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை.

இன்னொன்றும் கவனித்தேன். எல்லோருடைய கருத்தையும் எழுதிய நீங்கள், உங்களுக்கு என்ன வேண்டும் என்று எங்கும் எழுதவில்லை. கொல்லிமலை பஸ்ஸில் வாந்தி வரும் என்று ஒரு வரி. நகையை வைக்கச் சொல்கிறார் என்று ஒரு வரி. இரண்டையும் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போகிறீர்கள். நான் நகையிலிருந்தே தொடங்குகிறேன்.

நகையை வைத்துச் சுற்றுலா போகாதீர்கள். குடும்ப விஷயத்தில் இப்படிச் செய், அப்படிச் செய்யாதே என்று நேரடியாகச் சொல்வது என் வழக்கமில்லை. இதில் சொல்கிறேன். பல வீடுகளில் பெண்ணின் பெயர் சொல்லும் ஒரே சேமிப்பு அந்த நகைதான். சட்டமும் ஸ்திரீதனம் மனைவியின் சொத்து என்றுதான் சொல்கிறது. உங்கள் மகளுக்கு 14 வயது. இன்னும் நான்கு வருடத்தில் கல்லூரி ஃபீஸ் கட்ட வேண்டும். வீட்டில் முட்டிவலியோடு ஒரு பெரியவர் இருக்கிறார். அந்த மாதிரி நேரத்துக்கு உதவ வேண்டிய நகை, நான்கு நாள் பயணத்துக்காக அடகுக்குப் போகக்கூடாது.

இதைக் கணவரிடம் எப்படிச் சொல்வது என்பதுதான் உங்களுக்குக் கஷ்டம். தனியாக இருக்கும்போது சொல்லுங்கள், மாமனார் காதில் விழும்படி வேண்டாம். "அத்தைக்கு முட்டி வலிக்குது, தம்பி பயப்படுறான்" என்று அடுத்தவர் காரணத்தைச் சொல்லாதீர்கள். அப்படிச் சொன்னால் அத்தையை வீட்டில் விட்டுவிடலாம், தம்பியைப் பழக்கிவிடலாம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பதில் வரும். "நகையை வைக்கிறது எனக்கு இஷ்டமில்லைங்க. ஆனா நீங்க ஆசைப்பட்ட மாதிரி சிங்கப்பூர் போகணும்னு எனக்கும் இருக்கு. பணம் சேர்த்துட்டுப் போலாம்" என்று உங்கள் வாயால், உங்கள் மறுப்பாகவே சொல்லுங்கள். அந்த இரண்டாவது வாக்கியம் உண்மையாக இருந்தால் மட்டும் சொல்லுங்கள்.

இப்போது உங்கள் கணவர். அவர் மீது எனக்குக் கோபமில்லை. ஒரு வகுப்பே பஸ் ஏறிச் சென்னைக்குப் போனபோது, வீட்டில் இருந்த எட்டாம் வகுப்புப் பையனை நினைத்துப் பார்க்கிறேன். போய்வந்த பையன்கள் வி.ஜி.பி.யில் எவ்வளவு சிரிப்புக் காட்டினாலும் அசையாமல் நிற்கும் சிலை மனிதரைப் பற்றி வாரக்கணக்கில் பேசியிருப்பார்கள். அவர் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நாத்தனார் வீட்டு போட்டோக்கள் அவரை இவ்வளவு தூரம் கிளப்பிவிட்டதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று நினைக்கிறேன். அப்புறம் இன்னொரு பக்கம் இருக்கிறது. அன்று டூர் பணம் கட்ட முடியாமல் போன அப்பா இன்றும் அதே வீட்டில்தான் இருக்கிறார். மகன் "என் பிள்ளைகளுக்கு நான் எல்லாம் செய்வேன்" என்று சொல்லும் ஒவ்வொரு முறையும் அது அவர் காதில் வேறு மாதிரி விழும். தலைகீழாகத் தொங்குவதைப் பற்றி அவர் பேசும் பேச்சில் இந்த வலியும் கலந்திருக்கலாம். இதையெல்லாம் அவர்கள் முன்னால் எடுத்துச் சொல்ல வேண்டாம், இரண்டு பேருமே உடைந்துபோவார்கள். நீங்கள் மனதில் வைத்துக்கொண்டால், அடுத்த முறை சண்டை வரும்போது இருவர் மீதும் எரிச்சல் கொஞ்சம் குறையும்.

கணவரிடம் சொல்ல உங்களுக்கு ஒரு செய்தி தருகிறேன். நெதர்லாந்தில் 1,530 பேரிடம், விடுமுறைப் பயணம் ஒருவரை எவ்வளவு மகிழ்ச்சியாக வைக்கிறது என்று ஆராய்ந்து 2010-ல் வெளியிட்டார்கள். பயணம் போகப்போகிறவர்கள் கிளம்புவதற்கு முன்பே மற்றவர்களைவிட மகிழ்ச்சியாக இருந்தார்கள். திரும்பி வந்த பிறகோ, மிகமிக நிம்மதியாகக் கழித்துவிட்டு வந்த சிலரைத் தவிர, போனவர்களுக்கும் போகாதவர்களுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. அதாவது காத்திருக்கும் நாட்களில்தான் சந்தோஷத்தின் பெரும்பங்கு இருக்கிறது. நகையை வைத்து உடனே போனால் அந்தக் காத்திருப்பும் கிடைக்காது, வந்த பிறகு வட்டி மட்டும் மிஞ்சும். மாதா மாதம் ஆர்.டி. கட்டி இரண்டு வருடம் கழித்துப் போனால், அந்த இரண்டு வருடமும் உங்கள் வீட்டுச் சாப்பாட்டு நேரத்தில் சிங்கப்பூர் இருக்கும். மகனும் அதற்குள் வளர்ந்திருப்பான்.

வளர்வதைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது. இன்றே மகனைச் சுவரோரம் நிற்கவைத்துப் பென்சிலால் கோடு போட்டு அளந்து பாருங்கள். சிங்கப்பூர் பார்க்கில் பெரிய ரைடுகளுக்கெல்லாம் உயர வரம்பு உண்டு. 'மம்மி' ரோலர் கோஸ்டருக்கு 122 செ.மீ., பேட்டில்ஸ்டார் கலாக்டிகா கோஸ்டருக்கு 125 செ.மீ., டிரான்ஸ்ஃபார்மர்ஸுக்கு 102 செ.மீ. ஏழு வயதுப் பையன்கள் பலர் 120-ஐ ஒட்டித்தான் இருப்பார்கள். ஒரு சென்டிமீட்டர் குறைந்தாலும் வாசலில் நிற்கும் ஊழியர் விடமாட்டார். ஏற்றிவிட்டால் பயம் போய்விடும் என்று உங்கள் கணவர் நினைக்கும் அந்த ரைடுகளில், இந்த வருடம் அவனை ஏற்றவே முடியாமல் போகலாம். அதற்காக அழுத்தம் கொடுத்துப் பையனை வயிற்றுவலியோடு இவ்வளவு மாதம் வைத்திருக்க வேண்டுமா?

அந்த வயிற்றுவலியை நடிப்பு என்று நினைக்காதீர்கள். ஏழு வயதில் "எனக்குப் பயமா இருக்குப்பா" என்று சொல்லத் தெரியாது, அல்லது சொன்னால் ஆம்பளைப் பையன் என்ற பேச்சு வரும் என்று தெரியும். அதனால் வயிறு பேசுகிறது. ராட்டினம் உச்சியில் நிற்கும்போது பெரியவர்களுக்கே அடிவயிறு கலங்கும். இதயம் படபடக்கும், கை வியர்க்கும், மூச்சு வேகமாகும். ரோலர் கோஸ்டரில் கத்திச் சிரிக்கிறவருக்கும் உடம்பில் நடப்பது இதேதான். அவர் தானே விரும்பி ஏறியிருக்கிறார், பத்திரமாக இருக்கிறோம் என்று அவருக்குத் தெரியும், எப்போது முடியும் என்றும் தெரியும். அதனால் அது அவருக்கு விளையாட்டு. விருப்பமில்லாமல் ஏற்றப்பட்ட குழந்தைக்கு இந்த மூன்றும் இல்லை. அவனுக்கு அது வெறும் பயம்தான். அதே மாதிரி இரண்டாவது தடவை ஏற்றினால் அந்தப் பயம் இன்னும் ஊறிப்போகும்.

இதை நான் புத்தகத்தில் படித்து மட்டும் சொல்லவில்லை. என் மகனுக்கு ஆறு வயதிருக்கும்போது, ஒரு வாட்டர் பார்க்கில் அவன் வேண்டாம் என்று என் கையைப் பிடித்து இழுத்தபோதும் "ஒண்ணும் ஆகாதுடா" என்று சறுக்கில் உட்காரவைத்துவிட்டேன். தண்ணீரில் விழுந்து மூச்சுத் திணறி எழுந்தவன், ஏழாம் வகுப்பு வரை நீச்சல் குளத்தின் படியில்கூடக் கால் வைக்கவில்லை. இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது.

பயம் போக வழி உண்டு, அதற்கு அவசரம் ஆகாது. முதலில் அவன் வெறுமனே பார்க்கட்டும். மற்றவர்கள் ஏறி இறங்குவதை, இறங்கியவர்கள் சிரிப்பதை. அடுத்தது தரையை விட்டு அதிகம் உயராத குதிரை ராட்டினம், குட்டி ரயில். எதில் ஏறுவது, எதில் வேண்டாம் என்பதை அவன்தான் சொல்ல வேண்டும். க்யூவில் ஒரு மணி நேரம் நின்று முனைக்கு வந்த பிறகு "வேண்டாம்பா" என்றாலும், முகம் சுளிக்காமல் அவனைக் கூட்டிக்கொண்டு வெளியே வர வேண்டும். திட்டக்கூடாது, "டிக்கெட் காசு போச்சே" என்றும் சொல்லக்கூடாது. இதை உங்கள் கணவர் கிளம்புவதற்கு முன்பே மகனிடம் வாக்காகக் கொடுக்கட்டும். வேண்டாம் என்று சொன்னால் அப்பா விட்டுவிடுவார் என்ற நம்பிக்கை வந்துவிட்டால், பெரும்பாலான குழந்தைகள் தாங்களே ஒருநாள் "இன்னைக்கு ஏறிப் பாக்கட்டுமா" என்று கேட்பார்கள்.

மகள் விஷயம். "உங்க எல்லாரோடயும்னா நான் வரல" என்பதைக் கேட்டு மனம் புண்பட வேண்டாம். 14 வயது அப்படித்தான். அவள் தோழிகளில் ஒருத்தியை உடன் அழைத்துக்கொள்ளலாமா என்று பாருங்கள், அந்த வீட்டார் சம்மதித்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். ஆனால் அவள் தயக்கத்துக்கு வெளியே சொல்லாத காரணம் ஒன்றும் இருக்கக்கூடும். அதை நீங்கள்தான் கேட்க வேண்டும். தண்ணீர் விளையாட்டு இருக்கும் இடத்துக்கு நாள் குறிக்கும்போது, மாதவிடாய்த் தேதியைப் பார்க்காமலே அப்பா டிக்கெட் போட்டுவிடுவார். அவரிடம் சொல்லக் கூச்சப்பட்டு "நான் வரல" என்று முடித்துக்கொள்ளும் பெண் பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். உடை இன்னொரு பிரச்சினை. வொண்டர்லா போன்ற பார்க்குகளில் பருத்திச் சுடிதார், துப்பட்டா, புடவையோடு தண்ணீர் ரைடுகளில் ஏறவிடமாட்டார்கள், நைலான் உடைதான் போட வேண்டும். பாட்டி பார்த்து "இதென்ன கோலம்" என்று எல்லோர் முன்னாலும் ஒரு வார்த்தை சொன்னால் அவளுக்கு அன்றைய நாளே போச்சு. முழுக்கை வைத்து, கணுக்கால் வரை இருக்கும் நைலான் உடைகளே கிடைக்கின்றன. முன்கூட்டியே அவளோடு கடைக்குப் போய் அவளுக்குப் பிடித்ததை வாங்குங்கள். மாமியாரிடமும் அப்போதே பேசிவிடுங்கள்.

மாமியார் கண் கலங்குவது ராட்டினத்துக்காக இல்லை என்று உங்களுக்கே தெரியும். வேண்டாம் என்று அவர் சொன்னதும் எல்லோரும் "சரி" என்று ஒப்புக்கொண்டுவிடுவார்களோ என்ற பயம் அது. சிங்கப்பூர் என்றாவது கைகூடினால் அவரையும் கூட்டிப்போங்கள். பார்க்குக்கு ஒரு நாள் போதும். செரங்கூன் ரோடு வீரமாகாளியம்மன் கோயிலும், 1827-ல் அமைந்த சவுத் பிரிட்ஜ் ரோடு மாரியம்மன் கோயிலும் அவருக்கு இருக்கின்றன. ரயில் நிலைய அறிவிப்பிலேயே தமிழ் கேட்கும் ஊர் அது. உங்கள் மாமனாருக்கும் அது பிடித்துப்போகலாம். ஜூன் மாதத்தை மட்டும் தவிர்த்துவிடுங்கள். அங்கே அப்போது பள்ளி விடுமுறை, க்யூ நீளும். இடி மின்னல் வந்தால் வெளியில் இருக்கும் ரைடுகளை நிறுத்திவிடுவார்கள். கிளம்பும் முன் உயர வரம்புகளையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள், மாறியிருக்கலாம்.

கடைசியாக நீங்கள். வால்ட் டிஸ்னி, தன் பெண் குழந்தைகள் குதிரை ராட்டினத்தில் சுற்றும்போது லாஸ் ஏஞ்சலஸின் கிரிஃபித் பார்க்கில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றுகொண்டிருந்ததாகச் சொல்லியிருக்கிறார். பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்து மகிழ ஓர் இடம் வேண்டும் என்று அங்கேதான் அவருக்குத் தோன்றியதாம். 1955 ஜூலை 17-ல் கலிஃபோர்னியாவில் டிஸ்னிலேண்ட் திறந்தது. அத்தனை வருடம் கழித்தும், நான் போன ஒவ்வொரு பார்க்கிலும் அந்தப் பெஞ்சில் யாராவது ஓர் அம்மாவைப் பார்க்கிறேன். மடியில் ஆறு பேரின் பை, கையில் எல்லோருடைய செருப்பும் போனும். ரைடில் ஏறியிருப்பவர்களைக் கீழே நின்று போட்டோ எடுப்பதும் அவர்தான். வீட்டு போட்டோக்களில் அவர் மட்டும் இருக்கமாட்டார். உங்களுக்குக் கொல்லிமலையின் எழுபது வளைவில் குமட்டுவதற்குக் காரணம் உண்டு. உள்காது உடம்பு திரும்புகிறது என்று சொல்லும், பஸ்ஸுக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருக்கும் கண் அசையவில்லை என்று சொல்லும். இரண்டும் முரண்படும்போது வயிறு புரட்டுகிறது. டிரான்ஸ்ஃபார்மர்ஸ் மாதிரி திரையைப் பார்த்தபடி குலுங்கும் ரைடுகளிலும் இதே கதைதான், ஆகவே அவற்றைத் தவிர்த்துவிடுங்கள். அதற்காக முழு நாளும் பெஞ்சில் இருக்க வேண்டும் என்று அர்த்தமில்லை. பார்க்கைப் பொறுத்து அலைக் குளம் இருக்கும், மெதுவாக ஓடும் ரயில் இருக்கும், நிகழ்ச்சிகள் இருக்கும்.

இந்தக் கோடைக்கு என் யோசனை இதுதான். சேர்ந்தே எல்லோரும் கிளம்புங்கள். முதலில் அரியலூரில் இறங்கிக் குலதெய்வத்துக்குப் பொங்கல் வையுங்கள். அதே ரயில் பாதையில் தாம்பரம், நாத்தனார் வீட்டில் தங்கலாம். மாமியாருக்கு மகளோடு இரண்டு நாள் கிடைக்கும், அதற்கே அவர் முட்டிவலியை மறந்துவிடுவார். மாமனாரைப் பார்க்குக்கு வரச்சொல்லி வற்புறுத்த வேண்டாம். கொச்சியில் 2000-ல் வீகாலேண்ட் என்று தொடங்கிய வொண்டர்லா, இப்போது சென்னைப் பக்கம் திருப்போரூர் அருகிலும் வந்துவிட்டது. தாம்பரத்திலிருந்து வண்டலூர் கேளம்பாக்கம் சாலையில் போய்விடலாம். மகளுக்கு, அவள் தோழிக்கு, உங்கள் கணவருக்கு ஆசை தீரப் பெரிய ரைடுகள் அங்கே உண்டு. வாரநாளில் போங்கள், காலையில் திறக்கும்போதே உள்ளே இருங்கள். பெரிய ரைடுகளை மதியத்துக்கு முன்னால் முடித்துவிட்டுச் சாப்பிட்டால் வயிறும் தாங்கும், க்யூவும் குறைவு.

இன்னொரு நாள் மிச்சமிருந்தால், ஈ.சி.ஆரில் ஈஞ்சம்பாக்கத்தில் வி.ஜி.பி. இன்னும் இருக்கிறது. பெரிய கோஸ்டர் வேண்டாம் என்கிற பையனுக்கும் கடலைப் பார்த்து உட்கார நினைக்கும் பெரியவர்களுக்கும் அது ஒத்துவரும். அங்கே போகலாமா என்று கணவரிடம் நீங்களாக ஒருமுறை கேட்டுப் பாருங்கள். காரணம் எதுவும் சொல்லாமல் கேளுங்கள்.

உள்ளே நுழைந்ததும் பைக்கும் போனுக்கும் ஒரு லாக்கர் எடுத்துவிடுங்கள். குதிரை ராட்டினத்தில் மகனுக்குப் பக்கத்துக் குதிரையில் நீங்கள் உட்காருங்கள், கீழே நின்று போட்டோ எடுப்பதை அவர் பார்த்துக்கொள்வார்.